மிகைநேரச் சம்பளமா, நெகிழ்வு வேலை நேரமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தோசை ஆறிக்கொண்டிருக்க, இரவு 10.40க்கு மேலாளரின் வாட்சப் செய்திக்குப் பதில் தட்டுபவர்களுக்கு எழும் கேள்வி இது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளுக்குப் பதில் தராமல் இருக்கும் உரிமைக்குத் தனிப்பிரிவு இல்லாததால், இருக்கும் இரு வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது: கூடுதல் மணிகளுக்கு மிகைநேரச் சம்பளம் கேட்பது, அல்லது வேலை நேரத்தை மாற்றித் தரும்படி (நெகிழ்வு வேலை நேரம்) விண்ணப்பிப்பது.

யாருக்கு: மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அலுவலகப் பணியாளர் மிகைநேரச் சம்பளத்தைச் சட்டப்படி கோர முடியாது, நெகிழ்வு வேலை நேரத்துக்கு அந்த வரம்பு இல்லை.

பணம்: மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு மணிக்கூலி, நெகிழ்வில் கூடுதலாக ஒரு காசும் இல்லை.

எளிமை: ஐந்து நிமிடப் பதிலும் வேலைதானா என்ற வாக்குவாதத்தில் மிகைநேரக் கோரிக்கை சிக்கிக்கொள்ளும். நெகிழ்வு நேரத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்; ஆனால் அனுமதித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதுதான் அதன் பலவீனம்.

மாதக் கடைசியில் மட்டும் வேலை குவிகிறவர்களுக்கு மிகைநேரமே பொருந்தும். இரவுதோறும் கைப்பேசி அதிர்கிறதென்றால் விண்ணப்பிப்பதே மேல். அதில் வேலை முடியும் மணியை எண்ணிலேயே குறிப்பிடுங்கள்.