தென்னந்தோப்பில் பேட்டரி செயின்சா: மக்கிட்டா டியூசி353

இரண்டு 18 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துப் பொருத்தி 36 வோல்ட்டில் இயக்கும் மக்கிட்டா டியூசி353 செயின்சாவில் 14 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் உள்ளன. காற்றில் சாய்ந்த வேப்பங்கிளையைத் துண்டுபோடுவது, வேலியோரச் சீமைக்கருவேலத்தை வெட்டுவது, விழுந்த தென்னையை அகற்றுவது என்று பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு அவ்வப்போது வரும் வேலைகளுக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால், வாங்குபவர்கள் வோல்ட்டையும் பாரின் நீளத்தையும் விசாரிக்கும் அளவுக்குச் செயினின் கூர்மையைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தக் கருவி நன்றாக உழைப்பதும் உழைக்காததும் அதில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 90 வாட்-மணி, இரண்டிலும் சேர்த்து 180 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. அறுக்கும்போது மோட்டார் 1,000 வாட் இழுப்பதாகக் கொண்டால், இடைவிடாமல் அறுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 11 நிமிடம். இது கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும், கிளையை இழுத்துப் போடுவதிலும் அடுத்த இடத்துக்கு நகர்வதிலும் போகும் நேரத்தில் மோட்டார் நின்றிருப்பதால், அந்தப் 11 நிமிடம் ஒரு காலைப்பொழுது வேலைக்குத் தாங்கும். செயின் மழுங்கியிருந்தால் மட்டும் தாங்காது. பெட்ரோல் ரம்பத்தில் மழுங்கிய செயினை அழுத்திப் பிடித்து ஓட்டிவிடலாம், கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோல் போகும். இங்கோ மர இழையை வெட்டாமல் உராய்ந்துகொண்டே மின்சாரம் தீர்கிறது, பேட்டரியும் சூடேறி இடையில் நின்றுவிடுகிறது.

தென்னை இந்த விஷயத்தில் பொல்லாத மரம். அதன் உட்பகுதி மென்மையாக இருந்தாலும், பட்டையை அடுத்த வெளிவட்டம் மிகக் கடினமானது. மணல் ஒட்டிய மரமாக இருந்தால் செயினின் பற்கள் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே, தரையில் கிடக்கும் மரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி, அறுக்கும் இடத்தில் மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் ரம்பத்தை வைக்க வேண்டும். செதில் செதிலாக வந்துகொண்டிருந்த தூள் மாவாக மாறினால் உடனே நிறுத்தி, அந்தச் செயினுக்குரிய உருளை அரத்தால் எல்லாப் பற்களையும் ஒரே எண்ணிக்கையில் ராவ வேண்டும். கூடுதல் பேட்டரி வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் ஒரு மாற்றுச் செயினும் அரமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போதாவது எடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கு இதன் பெரிய நன்மை, எடுத்தவுடன் ஓடுவதுதான். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளதால், நாள்பட வைத்த பெட்ரோல் கெட்டுவிடும். ஆயில் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டபடி மாதக்கணக்கில் வைத்திருந்த ரம்பத்தைக் கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். மரம் அறுப்பதையே தொழிலாகக் கொண்டு நாள் முழுவதும் பருத்த அடிமரங்களை அறுப்பவர்களுக்கு இன்றும் பெட்ரோல் ரம்பமே பொருத்தம்.

பெட்ரோல் வேண்டாம் என்றாலும் செயின் ஆயில் கட்டாயம் வேண்டும். அதற்குப் பதிலாக வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றினால், அதில் இரும்புத் துகள்கள் இருப்பதால் ஆயில் பம்பும் பாரும் கெடும். அறுக்கும்போது தெறிக்கும் ஆயில் தோப்பு மண்ணில்தான் விழுகிறது என்பதையும் நினைக்க வேண்டும். எந்தச் செயின்சாவும் சும்மா வைத்திருக்கும்போது சிறிது ஆயில் கசியவிடும் என்பதால், அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைப்பது நல்லது.

சத்தம் குறைவாக இருப்பதாலேயே இதை விளையாட்டுப் பொருளாக நினைத்து, கைலியும் ரப்பர் செருப்புமாக அறுக்க நிற்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. இதன் செயின் வேகம் நொடிக்கு 20 மீட்டர். பாரின் நுனி மேற்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். முன்கைக் காப்பைத் தட்டினால் பிரேக் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். செயினைத் தொடுவதற்கு முன் இரண்டு பேட்டரிகளையும் கழற்றிவிட வேண்டும். இது இரு கைகளாலும் பிடிக்க வேண்டிய ரம்பம். மரத்தின் மேல் ஏறி ஒரு கையால் அறுக்க இதைப் பயன்படுத்தவே கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னைகளைச் சாய்த்தபோது பல ஊர்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய நாளில் இது எப்படி உதவும் என்று கேட்பது நியாயமே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருப்பதால், இழப்புகள் போக, ரம்பத்தின் இரண்டு பேட்டரிகளையும் சில முறை நிரப்பலாம். வழியை மறித்த மரங்களை அகற்ற அது போதும்; தோப்பு முழுவதையும் சீர்செய்யப் போதாது. கத்திரி வெயிலில், அறுத்து முடித்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜரில் செருகாமல், நிழலில் ஆறவிட்டுச் செருகினால் அதன் ஆயுள் நீடிக்கும். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் ரம்பம் மட்டும் தனியாகவும் விற்கப்படுவதால், விலையை ஒப்பிடும்போது எது எது சேர்ந்த விலை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.