முதல் பெண்ணுடையை எங்கே வாங்குவது: ஜவுளிக்கடையா, சுயசேவைக் கடையா, இணையமா?

பெண்ணுடை அணியும் விருப்பமுள்ள ஆண்களில் பெரும்பாலோர், தமக்கென்று ஒரு துணியை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே உடுத்திப் பார்த்திருப்பார்கள். வீட்டில் ஆளில்லாத ஒரு பிற்பகலில் அக்காவின் தாவணியையோ அம்மாவின் புடவையையோ எடுத்து உடுத்தி, பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து, பீரோவில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். அந்த அச்சம் எனக்கும் தெரியும். ஆகவே சொந்தப் பணத்தில், சொந்த அளவில் ஓர் உடை வாங்குவது சிறிய செய்தி அன்று. இனி அடுத்தவர் துணியைத் தொட வேண்டியதில்லை என்பதே அதில் கிடைக்கும் முதல் நிம்மதி.

தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் இருப்பவருக்கு இதற்கு மூன்று வழிகள் உண்டு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் இருப்பதைப் போன்ற பெரிய ஜவுளிக்கடை ஒன்று. மேக்ஸ், டிரெண்ட்ஸ், ஜூடியோ போல நாமே எடுத்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் சுயசேவைக் கடை இரண்டு. அமேசான், மிந்த்ரா, மீஷோ போன்ற இணையக் கடை மூன்று. புதிதாக வருகிற கிராஸ்டிரெஸ்ஸர்கள், அதாவது பெண்ணுடை அணியும் ஆண்கள், இவற்றுள் எதில் கூச்சம் குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதில் அளவு சரியாக அமையும் என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இணையத்தில் ஆசையாக வாங்கிய முதல் சுடிதார் டாப் தோள்பட்டையில் சிக்கி, தலைக்கு மேலே கைகள் இரண்டும் மாட்டிக்கொண்ட நிலையில், அக்குள் தையல் பிரிந்த பிறகுதான் வெளியே வந்தது. அந்த உடையின் நிறம் இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு நாள்கூட அதை அணிய முடியவில்லை.

எனவே கடைக்கு முன்னால் இஞ்ச் டேப். அக்குளை ஒட்டிய மார்புச் சுற்றளவு, மார்புக்குக் கீழே விலா எலும்பின் சுற்றளவு, இடுப்பு, பிட்டத்தின் மிக அகலமான பகுதி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம் ஆகியவற்றை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுவிடுவது தோள் அகலத்தை. முதுகுப் பக்கமாக ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை அளக்க வேண்டும்; தனியாக அளப்பது கடினம் என்பதால், நன்றாகப் பொருந்துகிற தைத்த சட்டை ஒன்றைத் தரையில் விரித்துத் தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை அளப்பது எளிது. சராசரி உடற்கட்டுள்ள ஆணுக்கு அது பதினேழு, பதினெட்டு அங்குலம் வரும். எக்ஸ்எல் அளவுக் குர்த்திகளில்கூடத் தோள் பதினைந்தைச் சுற்றியே இருப்பதை நான் பல கடைகளில் அளந்து பார்த்திருக்கிறேன். பொதுவாக எம் என்பது மார்பு 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44 என்று போட்டிருப்பார்கள். உங்கள் மார்பு 38 என்பதற்காக எம் வாங்கினால் மார்பு சரியாக இருந்து தோளும் கையும் பிடிக்கும். மார்பு அளவுக்கு ஒரு படி, சில உடல்களுக்கு இரண்டு படி மேலே போவதே எங்களுக்குக் கணக்கு.

இந்த அளவுகள் கையில் இருக்கும்போது மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இணையத்தின் பெரிய பலம், யாரும் முகம் பார்த்து எதையும் கேட்பதில்லை என்பது. நள்ளிரவில் உட்கார்ந்து நூறு குர்த்திகளை நிதானமாகப் பார்க்கலாம்; பெரிய அளவுகள் கடைகளில் இருப்பதைவிட இங்கே அதிகம்; வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்கள், உடை உண்மையில் எப்படித் தொங்குகிறது என்பதைக் காட்டுகின்றன. தனி அறையில், தனி முகவரியில் வாழ்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் குடும்பத்தோடு இருப்பவருக்கு இணையம் கூச்சத்தைக் குறைப்பதில்லை, அதைக் கடையிலிருந்து வீட்டு வாசலுக்கு இடம் மாற்றுகிறது. பார்சல் எந்த நாளில் எந்த நேரத்தில் வரும் என்று உறுதியில்லை. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வந்தால் அம்மா வாங்கி வைப்பார். தம்பி பிரித்தும் பார்ப்பான். வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் வாங்குபவர்களாக இருந்தால், நீங்கள் ஒரு நைட்டியைத் தேடிய பிறகு அடுத்தவர் செல்பேசியிலும் நைட்டிகளாகவே வந்து நிற்கும்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். திருப்பி எடுத்துப் போக வருகிறவர் பல நேரங்களில் வாசலிலேயே உடையைப் பிரித்து, விரித்து, செல்பேசியில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே எடுத்துக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, ரோஜா நிறக் குர்த்தி ஒன்று நம் வீட்டு வாசலில் இரு கைகளில் விரிந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. பிரா, ஜட்டி போன்ற உள்ளாடைகளைப் பெரும்பாலும் திருப்பியே எடுப்பதில்லை. ஆகவே இணையத்தில் வாங்குவதானால் தனிக் கணக்கு, அலுவலக முகவரி அல்லது நம்பிக்கையான நண்பரின் முகவரி, அளவு அட்டவணையில் கொடுத்திருப்பது உடலின் அளவா உடையின் அளவா என்ற சோதனை ஆகிய மூன்றும் கட்டாயம். மூன்றாவதைக் கவனிக்காமல் போவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

பெரிய ஜவுளிக்கடை இதற்கு நேர் எதிர். அங்கே கேள்வியிலிருந்து தப்ப முடியாது. "யாருக்கு சார்? என்ன சைஸ்?" என்று விற்பனைப் பெண் கேட்பது தொழில் கேள்வி, அதில் சந்தேகம் எதுவும் இல்லை. மனைவிக்கும் தங்கைக்கும் துணி எடுக்க வரும் ஆண்கள் நாள் முழுவதும் அந்தக் கவுண்டரில் நிற்கிறார்கள். நம் மனத்தில் இருக்கும் குற்ற உணர்வுதான் அந்தக் கேள்வியை விசாரணையாக ஆக்குகிறது. இதற்கு நீண்ட கதை தேவையில்லை. "வீட்டுக்குத்தான். ஏறக்குறைய என் உடம்புதான் இருக்கும்" என்று சொன்னால் போதும். இரண்டாவது வாக்கியம் முக்கியம். அனுபவமுள்ள விற்பனைப் பெண் உங்கள் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்போ டபுள் எக்ஸ்எல் எடுங்க சார், எக்ஸ்எல் கை பிடிக்கும்" என்று சொல்லிவிடுவார். எந்த அட்டவணையும் தராத உதவி அது. முதன்முறை அப்படி ஒருவர் சொன்னபோது, அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு வியர்த்தது. தெரிந்திருக்கலாம், ஆனாலும் சரியான உடையைத்தான் எடுத்துக் கொடுத்தார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஜவுளிக்கடையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் எடுத்துக் காட்ட, இன்னொருவர் பில் போட, பணம் கட்டுவது ஒரு கவுண்டரில், பையை வாங்குவது வேறொரு கவுண்டரில் என்று ஒரு நைட்டிக்கு நான்கு முகங்களைக் கடக்க வேண்டியிருக்கும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கூட்டத்துக்குள் யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள் என்று சிலர் அந்த மாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கவனிக்க மாட்டார்கள் என்பது உண்மை. விரித்துப் பார்த்து அளக்கவும் விட மாட்டார்கள், தள்ளுபடித் துணியை மாற்றித் தருவதும் அரிது. வார நாளில், கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் போவதே என் பழக்கம்.

சுயசேவைக் கடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் உடைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஹேங்கரில் தொங்கும் குர்த்தியைத் தொட்டுப் பார்க்கலாம், துணியை இழுத்துப் பார்க்கலாம், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துத் தோளை அளக்கலாம். யாரும் வந்து கேட்பதில்லை. தனக்கு ஒரு டி-ஷர்ட்டும் அதோடு சேர்ந்து இரண்டு குர்த்தியும் ஒரு லெக்கிங்ஸும் கூடையில் இருந்தால், பில் போடுபவருக்கு அது ஒரு குடும்பத்தின் துணி. டேக்கைக் கழற்றாமல், பில்லோடு குறித்த நாட்களுக்குள் கொண்டுபோனால் அளவு மாற்றிக் கொடுப்பது இவ்வகைக் கடைகளின் பொதுவான நடைமுறை. வாசலில் யாரும் விரித்துக் காட்ட வேண்டியதில்லை.

உடை மாற்றிப் பார்க்கும் அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கான அறைக்குள் ஆணாகத் தோன்றும் நாம் நுழையக் கூடாது. அங்கே இருக்கும் பெண்களின் நிம்மதி நம் ஆசையைவிடப் பெரிது. ஆண்கள் பகுதி அறைக்குக் குர்த்தியை எடுத்துப் போகலாமா என்று நேரடியாகக் கேட்டால் சில கடைகளில் அனுமதிப்பார்கள், சில கடைகளில் மறுப்பார்கள். மறுத்தால் டேப்பை நம்பி வாங்கி, வீட்டில் போட்டுப் பார்த்து, மாற்றிக்கொள்வதுதான் வழி. உள்ளாடைப் பகுதியிலும் இதே கவனம் வேண்டும். விலா அளவும் மார்பளவும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அங்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டிய தேவையே இருக்காது.

ஆண் ஒருவர் பெண்ணுடை வாங்குவதையோ தம் வீட்டில் அணிவதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதைச் சிலருக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநர் உரிமைகள் குறித்து தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பில், உடை வழியாகத் தம் பாலினத்தை வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு காக்கும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கிராஸ்டிரெஸ்ஸர்கள் எல்லோரும் திருநர் அல்லர். தம்மை ஆணாகவே உணர்பவர்கள் எங்களில் ஏராளம். ஆயினும் அந்தத் தீர்ப்பைப் படித்த நாளில் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

எந்த உடையை முதலில் வாங்குவது என்பதும் இடத்தைத் தீர்மானிக்கிறது. நைட்டி மலிவு, தளர்ச்சி, பருத்தி. ஃப்ரீ சைஸ் என்று வருவது பெரும்பாலான ஆண் மார்புகளுக்குப் போதும். உயரம்தான் குறை: ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேலே இருப்பவருக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். இதை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், நடைபாதைக் கடையில்கூட வாங்கலாம். குர்த்தியும் லெக்கிங்ஸும் சுயசேவைக் கடைக்கு உரியவை. நேரான வெட்டு ஆணின் ஒடுங்கிய பிட்டத்தை அப்படியே காட்டிவிடும்; இடுப்புக்குக் கீழே விரியும் அம்ப்ரெல்லா கட், அனார்கலி ஆகியவை இல்லாத வளைவைத் தருகின்றன. முக்கால் கை, அகன்ற தோளைப் பிரித்துக் காட்டாத அடர்நிறம், சிறிய பூ வேலை என்று தொடங்குவது நல்லது. பஃப் கையைத் தவிர்க்கலாம்.

புடவை என்றால் என் பரிந்துரை மாறுகிறது. அதற்கு ஜவுளிக்கடைதான். புடவைக்குத் தோளும் மார்பும் பொருட்டில்லை. ஐந்தரை மீட்டர் நீளமும் நாற்பத்தாறு அங்குலத்தைச் சுற்றிய அகலமும் உயரமான ஆணையும் மூடிவிடும், மிஞ்சியதை இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஆனால் துணியின் பாரமும் வழுக்கலும் கையில் எடுத்தால்தான் தெரியும். ஜார்ஜெட் புதியவர் கையில் நிற்காது, கொசுவம் சரிந்துகொண்டே இருக்கும். மதுரைச் சுங்குடி போன்ற மென்பருத்தி, மடித்த இடத்தில் நிற்கும், விலையும் தாங்கும். இன்னொரு காரணமும் உண்டு. புடவைப் பிரிவில் நிற்பவர்கள் பல கடைகளில் ஆண்கள்தாம். வாடிக்கையாளர் கேட்டதும் முந்தானையைத் தம் தோளிலேயே போட்டு, முன்பக்கம் நான்கு கொசுவம் பிடித்து, "பார்டர் எப்படி விழுது பாருங்க" என்று காட்டுவார்கள். மீசை வைத்த ஒருவர், வெளிர் பச்சைப் புடவையை அவ்வாறு தம்மீது போட்டுக்கொண்டு எந்தக் கூச்சமும் இல்லாமல் நின்றதைப் பார்த்த அன்றுதான், எனக்கு அந்தக் கவுண்டரில் குரல் நடுங்காமல் பேச வந்தது.

மீதி இருப்பது ஜாக்கெட். புடவையோடு வரும் எண்பது சென்டிமீட்டர் பிளவுஸ் துணி, முழங்கை வரை கை வைத்து ஆண் தோளுக்குத் தைக்கப் பெரும்பாலும் போதாது. அதே நிறத்தில் ஒரு மீட்டர் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். தையல்காரர் முதலில் கேட்பது அளவு ஜாக்கெட். அது நம்மிடம் இருக்காது, காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் அளவை அவர் முழுதாக நம்பவும் மாட்டார். இதற்கு நான் கண்ட வழி, சுயசேவைக் கடையிலோ இணையத்திலோ இழுபடும் துணியில் வரும் ரெடிமேட் பிளவுஸ் ஒன்றை மார்பளவுக்கு ஒரு படி மேலாக வாங்குவது. போட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதையே அளவு ஜாக்கெட்டாகக் கொடுத்து, "இதைவிடத் தோள் ஒன்றரை இஞ்ச் கூட்டி, அக்குளை இறக்கித் தைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம். என் முதல் அளவு ஜாக்கெட் இன்னும் அதே தையல் கடைக்குப் போய்வருகிறது. யாருடையது என்று அவர் கேட்டதில்லை, ஒருமுறை மட்டும் "உள்தையல் விட்டிருக்கேன் சார், கொஞ்சம் சதை போட்டாலும் பிரிச்சுக்கலாம்" என்றார்.