காதை நம்பிப் பிழைக்கும் விளையாட்டு: 'வெல்கம் டு தி கேம்' மூன்று வருட அனுபவம்

'வெல்கம் டு தி கேம்' என்ற திகில் கணினி விளையாட்டை மூன்று வருடமாக விட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன். முதல் பாகம் 2016-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2018-இல். இரண்டையும் முடித்திருக்கிறேன், ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது இரண்டாம் பாகம்தான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றியே.

விளையாடாதவர்களுக்குக் கதை சுருக்கமாக: நீங்கள் கிளின்ட் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர். அமாலியா என்ற பெண் துரத்தப்படுவதை நேரலையில் பார்த்துவிடுகிறீர்கள். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கொலையை நேரலையில் காட்டும் 'ரெட் ரூம்' என்ற தளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் முகவரி 8 துண்டுகளாக உடைந்து, தேடுபொறியில் வராத டீப் வெப் தளங்களில் ஒளிந்திருக்கிறது. அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு 'கீ'. ஒரே ஒரு இரவு, ஒரு அடுக்குமாடி வீடு, ஒரு கணினி, கதவுக்கு வெளியே உங்களைத் தேடி வரும் ஆட்கள். செத்தால் முதலிலிருந்துதான். கீ கிடைக்கும் இடமும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறிவிடும் என்பதால் போன முறை பார்த்ததை மனப்பாடம் செய்து பயனில்லை.

முதல் மாதம் முழுக்க இதை ஒரு புதிர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஆடினேன், அதுதான் தவறு. கண்ணைத் திரையில் புதைத்துக்கொண்டு கீ தேடுவேன், பின்னால் யாரோ வந்து நின்று கதையை முடித்துவிடுவார்கள். எத்தனையோ முறை செத்த பிறகுதான் புரிந்தது: கண் கீயைத் தேடட்டும், காது கதவில் இருக்க வேண்டும். பயமே அங்கிருந்துதான் வருகிறது. திடீரென்று முகம் காட்டிப் பயமுறுத்துவது இரண்டு மூன்று முறையில் பழகிவிடும். ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது "இப்போது கேட்டது என்ன சத்தம்?" என்ற சந்தேகம் மட்டும் மூன்று வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

ஆகவே ஹெட்செட் கட்டாயம். ஸ்பீக்கரில் ஆடினால் பாதி எச்சரிக்கை காதுக்கே வராது. முதல் பாகத்தில் ஆள் வரும் சத்தம் கேட்டதும் விளக்கை அணைக்க வேண்டும். கேட்பதற்கும் அணைப்பதற்கும் இடையில் யோசிக்க நின்றால் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு எதிரிக்கும் தனி வழி உண்டு. கூலிக்கொலைகாரன் லூகாஸ் வந்தால் ஒளிய வேண்டும். கீழே சந்தில் பார்சல் எடுக்கப் போகும்போது 'பிரீதர்' வந்தால் கதவை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம்தான், ஆனால் கைக்கு வருவதில்லை. ஒரு ஆட்டத்தில் பூட்டுச் சத்தத்தைச் சரியாகவே அடையாளம் கண்டேன், செய்ய வேண்டியதும் தெரியும். இருந்தும் பாதியில் இருந்த ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு எழலாம் என்று இரண்டு நொடி இருந்தேன். அப்போது கையில் ஏழு கீ. எட்டாவது கிடைக்கவே இல்லை.

சரி, துப்புத் தேடுவதற்கு வருகிறேன். இதில்தான் புதிதாக வருபவர்கள் நிறையத் தடுமாறுகிறார்கள்.

கீ மூன்று விதமாகத்தான் ஒளிந்திருக்கும். பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கலாம், சோர்ஸ் கோடுக்குள் (பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலுக்குள்) இருக்கலாம், அல்லது பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் ஒரு எழுத்தையோ படத்தையோ கிளிக் செய்தால் வரலாம். ஒவ்வொரு கீயின் முன்னாலும் 1 முதல் 8 வரை ஒரு எண் இருப்பதால், எந்த வரிசையில் கிடைத்தாலும் கடைசியில் அடுக்கிக்கொள்ளலாம். சிக்கல் தளங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு தளத்துக்குள் பல பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி சோர்ஸ் கோடு. "இதைப் பார்த்தோமா, பார்க்கவில்லையா?" என்ற குழப்பத்தில் அதே தளத்தை மூன்று முறை புரட்டிய இரவுகள் எனக்கு உண்டு.

விளையாட்டுக்குள்ளேயே குறிப்பு எழுத வசதி இருக்கிறது. ஆனாலும் நான் மேசையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். தளத்தின் பெயர், அதற்கு எதிரே மூன்று கட்டம்: பக்கம் படித்தாயிற்று, சோர்ஸ் கோடு பார்த்தாயிற்று, கிளிக் செய்து பார்த்தாயிற்று. மூன்றும் நிரம்பினால் அந்தத் தளத்தின் பெயரை அடித்துவிடுவேன், அப்புறம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சலிப்பான குமாஸ்தா வேலை மாதிரித் தெரியலாம். ஆனால் நான் முதன்முதலாக ரெட் ரூம் வரை போனது இந்த நோட்டு வந்த பிறகுதான். துப்பறிவதில் புத்திசாலித்தனத்தைவிட, பார்த்ததைப் பார்த்ததாகக் குறித்துவைக்கும் பொறுமைதான் இங்கே அதிகம் வேலை செய்கிறது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதும் அதனால்தான்.

சில தளங்கள் ஒவ்வொரு மணியிலும் குறிப்பிட்ட நிமிடங்களில் மட்டுமே திறக்கும். நோட்டில் அவற்றுக்குப் பக்கத்தில் நிமிடத்தையும் எழுதிவிடுவேன். அந்த நேரம் வந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய்விடுவேன். எப்போதும் திறந்திருக்கும் தளம் எங்கேயும் ஓடிவிடாது.

இரண்டாம் பாகத்தில் உங்களுக்கென்று சொந்த இணைப்பு இல்லை. அக்கம்பக்கத்து வைஃபையை உடைத்து நுழைய வேண்டும். 'ஸ்கைபிரேக்' என்ற கருவியில் ஸ்கேன், புரோப், இன்ஜெக்ட், கிராக் என்று கட்டளைகளைத் தட்டித் தட்டிச் செய்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிஜத்தைப் போலவே இதிலும் டபிள்யூஇபி என்ற பழைய வைஃபை பாதுகாப்பு எளிதில் உடையும், அதற்குப் பின்னால் வந்த டபிள்யூபிஏ2 சிரமம் தரும். டபிள்யூஇபி-யில் அடிப்படையிலேயே ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் 2001-லேயே காட்டிவிட்டார்கள். இதைத் தேடிப் படிக்கப் போய், வீட்டு ரவுட்டரின் அமைப்பைத் திறந்து பார்த்துக் கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஒரே வைஃபையில் அதிக நேரம் உட்கார்ந்தால் போலீஸ் வந்துவிடும். சாவதற்கு மிக வீணான வழி இதுதான், ஏனென்றால் இது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக இரண்டு மூன்று வைஃபையை உடைத்து வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மாறுங்கள். வேகமாக இருக்கிறதே என்று ஒன்றிலேயே ஒட்டிக்கொள்ள ஆசை வரும், கேட்காதீர்கள்.

நடுநடுவே வரும் ஹேக் தாக்குதல்கள் நொடிக்கணக்கில் முடிக்க வேண்டிய குட்டிப் புதிர்கள். தோற்றால் சேர்த்து வைத்த டாஸ்காயின் (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) போய்விடும். போகட்டும். ஹேக்கில் மூழ்கிக் கதவுச் சத்தத்தைத் தவறவிடுவதைவிடக் காசை இழப்பது மேல்.

குறை என்று சொன்னால், அதிர்ஷ்டத்துக்கு இதில் இடம் அதிகம். ஹேக், லூகாஸ் இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்தால் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் தப்புவது கஷ்டம். மணிக்கணக்கில் சேர்த்ததெல்லாம் அப்படிப் போகும்போது மனசு விட்டுப்போகிறது. அந்த நாளில் மறுபடி தொடங்கவே மாட்டேன். தளங்களின் உள்ளடக்கமும் கொடூரமானது. கற்பனைதான் என்றாலும் சில பக்கங்கள் வயிற்றைப் பிசைகின்றன. பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை ஆடிவிட்டு நிஜ ரெட் ரூமைத் தேடிப் போக ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். டீப் வெப் என்றால் தேடுபொறியில் வராத எல்லாமும்தான், உங்கள் மின்னஞ்சல் பெட்டியும் அதில் சேர்த்தி. விளையாட்டு காட்டுவது அதற்குள் ஒரு சிறு மூலையான டார்க் வெப்பை. அங்கே போகப் பயன்படும் டார் என்ற வலையமைப்பு வழக்கமாக மூன்று கணினிகளைத் தாண்டித் தரவை அனுப்புகிறது, அதனால் வேகம் குறைவு. நேரலைக் கொலை அறை என்பது இதுவரை நிரூபிக்கப்படாத கட்டுக்கதை. அந்தப் பெயரில் காசு கேட்பவர்களை மோசடிக்காரர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் ஐந்து ஆட்டத்தில் கீ தேடாதீர்கள். மேசையில் உட்கார்ந்து அந்த வீட்டைக் கேளுங்கள். கட்டடம் தானாக முனகும் சத்தம் எது, ஆள் நடக்கும் சத்தம் எது, பூட்டில் கை வைக்கும் சத்தம் எது என்று பிரித்தறியும் வரை கேளுங்கள். ஐந்து முறையும் சாவீர்கள், பரவாயில்லை. ஆறாவது ஆட்டத்தில் நோட்டை எடுங்கள்.