செபி ஆலோசகரா, ஃபண்ட் டிஸ்ட்ரிபியூட்டரா?

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட வழிகாட்டுபவர்களில் பெரும்பாலும் நாம் சந்திப்பது இரண்டு வகை. ஒருவர், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். அவருடைய பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். இன்னொருவர் ஆம்ஃபி என்ற சங்கத்தில் பதிவு செய்து, ஏஆர்என் என்ற எண் வாங்கி ஃபண்ட் விற்கும் டிஸ்ட்ரிபியூட்டர். நான் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு ஆலோசகரிடம் போனவன், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டெலிகிராமில் டிப்ஸ் தருகிறவர்கள் இந்தப் பேச்சிலேயே வரமாட்டார்கள்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிஸ்ட்ரிபியூட்டர் நம்மிடம் கை நீட்டுவதில்லை. அவர் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானில், ஃபண்ட் நம் பணத்திலிருந்து வருடாவருடம் பிடிக்கும் செலவு விகிதத்துக்குள்ளேயே அவர் கமிஷன் இருக்கிறது. ஆலோசகருக்கு நாமே கட்டணம் கொடுத்து, கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் போடுகிறோம். இரண்டு பிளானின் செலவுக்கும் 0.75% வித்தியாசம் என்று வைத்தால், 20 லட்சத்துக்கு வருடம் 15,000 ரூபாய். ஆலோசகர் கட்டணம் அதைவிடக் குறைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை மாற்றியது அந்தக் கணக்கு இல்லை. இவர்களுக்குப் பதிவு கொடுத்த அமைப்பு, பிறகு இவர்களை எதற்கெல்லாம் கேள்வி கேட்க முடியும் என்பதுதான். 2013-ல் வந்த செபி விதிமுறைப்படி, ஆலோசகர் வாடிக்கையாளரின் நலனையே முதலில் பார்க்கக் கடமைப்பட்டவர். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் கட்டணம் வாங்கக்கூடாது, ரொக்கமாகவும் வாங்கக்கூடாது. ரிஸ்க் தாங்கும் திறனை மதிப்பிட்டு, இந்த ஃபண்ட் இவருக்கு ஏன் பொருந்தும் என்ற காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்த ஆவணங்களை ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும், வருடாவருடம் தணிக்கையும் உண்டு. என் கோப்பில், “மூன்று வருடத்தில் வீட்டுக்குத் தேவைப்படும் பணம், ஆகவே ஸ்மால் கேப் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஃபண்ட்) வேண்டாம்” என்று ஒரு வரி இருக்கிறது. நாளைக்குத் தகராறு வந்தால் பேச அந்த வரி போதும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னதெல்லாம் ஃபோன் பேச்சு.

டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குக் கடிவாளமே இல்லை என்று சொல்லவில்லை. செபி தொடங்கிய என்ஐஎஸ்எம் பயிற்சி நிறுவனத்தின் தேர்வு உண்டு, ஏஆர்என்னை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், நடத்தை விதிகளும் இருக்கின்றன. முதலிலேயே மொத்தமாகக் கமிஷன் தரும் வழக்கத்தையும் செபி 2018-ல் நிறுத்தியது. ஆனால் எண்ணைக் கொடுக்கும் ஆம்ஃபி, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கம். அவர்கள் சரக்கை விற்பவரை அவர்களே பதிவு செய்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தல்தான்.

மாதம் 3,000 ரூபாய் எஸ்ஐபி போடுபவருக்கு மட்டும் நல்ல டிஸ்ட்ரிபியூட்டரே போதும். கேஒய்சி, நாமினி மாற்றம், குடும்பத்தில் யாராவது இறந்தால் யூனிட்டுகளை மாற்றும் அலைச்சல் என்று இதையெல்லாம் கூடவே வந்து முடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். என் ஆலோசகர் படிவத்தை மெயிலில் அனுப்புவார், அவ்வளவுதான். சந்தை பெரிதாக விழுந்த காலம் எதையும் இவரோடு நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தரமுடியாது.

போவதென்று முடிவெடுத்தால், ஐஎன்ஏ எண்ணைச் செபி தளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தனிநபர் ஆலோசகர் ஃபண்ட் விற்கவும் கூடாது. ஆகவே கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ரெகுலர் பிளான் படிவத்தையும் நீட்டினால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.