பி55 படிவம்: அதிகமாகப் பிடித்த வரியை மீட்கும் சேவை

பிரிட்டனில் தனியார் ஓய்வூதிய நிதியின் ஒரு பகுதியை மட்டும் எப்போதாவது ஒரே தொகையாக எடுப்பவர்களுக்கு, வரித்துறையின் பி55 இணையப் படிவம் நிஜமாகவே கைகொடுக்கிறது. ஆனால் அதற்குத் தேவை ஏற்படுவதே வரி பிடிக்கும் முறையால்தான்.

இங்கிலாந்தில் 2025-26 கணக்குப்படி, 10,000 பவுண்டு எடுத்தால் கால்பங்குக்கு வரியில்லை. மீதி 7,500-ஐ, 1257எல் எம்1 என்ற அவசர வரிக் குறியீடு (எடுப்பவரின் சரியான குறியீடு தெரியாதபோது பயன்படுத்துவது) மாதாமாதம் வரும் வருமானமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆண்டு வரிவிலக்கான 12,570 பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கழியும். சுமார் 1,950 பவுண்டு பிடிபடும். வேறு வருமானமே இல்லாதவர் கட்டவேண்டிய வரியோ பூஜ்யம்!

படிவத்தில் அந்த ஆண்டின் மற்ற வருமானத்தையும் விடாமல் எழுதுங்கள். நிதியை முழுதாகக் காலிசெய்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு பி53இசட் அல்லது பி50இசட். முதலில் சிறுதொகை எடுத்து, சரியான குறியீடு வந்தபின் பெருந்தொகை எடுப்பதே நல்லது.