பாப்பாவுக்கு வாங்கின ஜிபிஎஸ் வாட்ச் - 14 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், இது டப்பாவ பிரிச்ச அன்னிக்கே எழுதற ரிவ்யூ கிடையாது. ரெண்டு வாட்ச் வாங்கினோம், ஒண்ணு டிராயர்ல கிடக்கு, இன்னொண்ணு இப்பவும் பாப்பா கையில இருக்கு. கம்பெனி பேர் போடல, ஆன்லைன்ல வர்ற கிட்ஸ் வாட்ச் முக்கால்வாசி உள்ள ஒரே சரக்குதான், மேல ஒட்டற பேர்தான் வேற. பாப்பா பேரு, ஸ்கூல் பேரு எதுவும் வராது, ஏன்னு படிச்சா புரியும். நாங்க கிருஷ்ணகிரி. நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், வீட்டுக்காரர் ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட். கடைய மாத்தி வேற ஏதாவது எழுதிடலாமான்னு பாத்தேன், அது இல்லன்னா விஷயமே நிக்காது, ஊர்ல ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்.

2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் சாயந்திரம், கடையில நாலஞ்சு பேர் ஆதார், டிசின்னு நிக்கறாங்க, ஒருத்தர் வந்து "கலர் பிரிண்ட் ஒண்ணு வேணும்க்கா, வாட்ஸப்ல அனுப்பறேன்"னு கடை நம்பருக்கு அனுப்பினார். சிஸ்டம்ல ஓபன் பண்ணா எங்க பாப்பா. ஸ்போர்ட்ஸ் டேல லெமன் ஸ்பூன் ஓடினது, வாயில ஸ்பூன், ரெண்டு கண்ணும் எலுமிச்சம்பழத்து மேல. எனக்கு காது அடைச்சுப் போச்சு. அந்த ஆள் "எவ்ளோக்கா, பத்து ரூபாயா"ன்னு கேட்டு பத்து ரூபா காயின கவுண்டர் கண்ணாடி மேல வச்சார். நான் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். ஆமா, போட்டுக் குடுத்தேன், வீட்டுக்காரர் இன்னிக்கும் கேப்பார் ஏன் போட்டேன்னு, என்னத்த சொல்றது, தினம் ஐநூறு தடவ பண்ற வேல, கை அது பாட்டுக்கு போயிடுச்சு. அவர் அத மடிக்காம ரெண்டு கையில புடிச்சுப் பாத்துட்டு "பெத்தவன் ஜாடை அப்படியே இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டார்.

பாப்பாவ நாங்க 2017ல தத்து எடுத்தோம், அப்ப ஒன்றரை வயசு. காரா (தத்து விஷயத்த பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு) வெப்சைட்ல பதிவு பண்ணி, வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போயி, வருஷக்கணக்கா காத்திருந்து, கடைசியில வேற மாவட்டத்து இல்லத்துல இருந்து. அப்பல்லாம் கோர்ட்ல ஆர்டர் வாங்கணும், 2022 செப்டம்பர்லருந்து தான் கலெக்டரே போடறாங்க. நம்ம பக்கம் தத்துன்னாலே "தொட்டில் புள்ளயா"ன்னு கேப்பாங்க. தொட்டில் குழந்தை திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சு 2001ல தர்மபுரிக்கு வந்தப்ப நாமளும் தர்மபுரி மாவட்டம்தானே, 2004லதான பிரிஞ்சோம், அதனால அந்த வார்த்தை இங்க எல்லார் வாயிலயும் இருக்கு. எங்க பாப்பா அப்படி யாரும் தொட்டில்ல போட்டுட்டுப் போன குழந்தை இல்ல. பெத்தவங்க ரெண்டு பேரும் குழந்தைகள் நலக்குழு முன்னாடி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனது. எழுதிக் குடுத்தாலும் மனசு மாறினா திரும்ப வாங்கிக்க ரெண்டு மாசம் டைம் உண்டு, யாரும் வரல. குழந்தையோட மெடிக்கல் ரிப்போர்ட்ல ஒரு வரி இருந்துச்சு, இடது கால்ல பழைய தீக்காயத் தழும்புன்னு. ஒரு வயசு குழந்தைக்கு கெண்டைக்கால்ல எப்படி தீக்காயம் வரும்னு நான் கேக்கல, அந்த தழும்பு வட்டமா சின்னதா இருக்கும், பாத்தாலே தெரியும்.

அந்த பெத்த அப்பா கஞ்சா கேஸ், அடிதடின்னு உள்ள வெளிய போயிட்டு இருந்தவராம். வெளிய வந்ததும் யாரோ ஒருத்தர் எங்க விலாசத்த சொல்லியிருக்காங்க, எங்க கசிஞ்சுதுன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அத இங்க எழுத மாட்டேன். போட்டோ மட்டும் எங்கருந்து போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டோம், ஸ்கூல் ஃபேஸ்புக் பேஜ்ல போட்டிருந்தாங்க. சொன்னதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சு எடுத்தாங்க. அடுத்து போன். ரெண்டு லட்சம் குடுத்தா ஒதுங்கிக்கறோம், இல்லன்னா எங்க புள்ளய எங்களுக்கு கூட்டிட்டுப் போகத் தெரியும்னு.

சரி வாட்சுக்கு வரேன்.

மொத வாட்ச் 1,299 ரூபா. பயத்துல ராத்திரி ஒரு மணிக்கு போன்ல பாத்து ஆர்டர் போட்டது, அந்த நேரத்துல யாரும் எதையும் வாங்காதீங்க. வந்ததும் ஜியோ சிம் போட்டா உயிரே வரல, அது 2ஜி வாட்ச், ஜியோல 2ஜியே கிடையாது. டப்பாவுல எங்கயும் பெருசா எழுதல. வேற சிம் வாங்கிப் போட்டா ஆன் ஆச்சு. ஆனா லொக்கேஷன்? பேருதான் ஜிபிஎஸ், உள்ள இருக்கறது டவர வச்சு குத்துமதிப்பா காட்டறது. பாப்பா வீட்ல என் பக்கத்துல உக்காந்து தோசை தின்னுட்டு இருக்கா, ஆப் அவள ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்குள்ள காட்டுது. ஒரு நாள் மதியம் கேஆர்பி டேம்ல காட்டிச்சு, நான் கடைய அப்படியே போட்டுட்டு ஸ்கூட்டிய எடுத்துட்டு ஸ்கூலுக்கு ஓடினா அவ கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்லிட்டு இருக்கா.

அத விடுங்க, பெரிய ஓட்டை வேற இடத்துல. இந்த மாடல் எல்லா வாட்சுக்கும் பாஸ்வேர்ட் 123456. மாத்தச் சொல்லி ஆப் கேக்கவே இல்ல. கடைக்கு வர்ற ஒரு பாலிடெக்னிக் தம்பிதான் பாத்துட்டு சொன்னான், "அக்கா, வாட்ச் நம்பரும் இந்த பாஸ்வேர்டும் தெரிஞ்சா போதும், பாப்பா எங்க இருக்கான்னு யார் வேணா கேக்கலாம், அதுவே பதில் அனுப்பும்"னு. அவன் போன்லருந்தே ஒரு மெசேஜ் அனுப்பிக் காட்டினான், அடுத்த நிமிஷம் அவன் போனுக்கு மேப் லிங்க் வந்துடுச்சு. புள்ள எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்னு வாங்கினது, தெரியக்கூடாதவனுக்கும் சொல்லும்னா எதுக்கு? அன்னிக்கே கழட்டி டிராயர்ல போட்டேன்.

ரெண்டாவது 4,800. இங்கயே ஒரு மொபைல் கடையில, ஆன் பண்ணிக் காட்டச் சொல்லி வாங்கினது. 4ஜி, நிஜமான ஜிபிஎஸ், வெளிய இருந்தா பத்து பதினஞ்சு மீட்டருக்குள்ள சரியா காட்டும். கட்டடத்துக்குள்ள போனா திரும்ப டவர்தான், உள்ள ஜிபிஎஸ் சரியா எடுக்காதது எந்த வாட்சுக்கும் உள்ள குறை. பாஸ்வேர்ட் நாமளே வைக்கலாம், நாம சேர்த்த நம்பர்லருந்து மட்டும்தான் கால் உள்ள வரும். இந்த ஒண்ணுக்காகவே வாங்கலாம். சிம் நம்பர மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க. எங்க நாத்தனார் அத "பாப்பா வாட்ச்"னு பேர் போட்டு சேவ் பண்ணிட்டாங்க, அப்புறம் பாத்தா நம்பர் போட்டா பேர் காட்டற ஆப்ல ஊருக்கே அப்படித்தான் காட்டுது. சிம்ம மாத்தினோம்.

சேஃப் ஸோன்னு ஒண்ணு இருக்கு, ஸ்கூல சுத்தி வட்டம் போட்டு வச்சா தாண்டும்போது நமக்கு நோட்டிஃபிகேஷன் வரும். வரும், ஆனா எப்ப வரும்ங்கறதுதான். பேட்டரி மிச்சம் பண்ண பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் இடத்த பாக்குது, பத்து நிமிஷத்துல ஒரு பைக் காவேரிப்பட்டணம் பக்கம் போயிடும். ஒரு நிமிஷம்னு மாத்தி வச்சா மதியம் மூணு மணிக்கு வாட்ச் செத்துடுது, ஸ்கூல் விடற நேரமே நாலரை. நாங்க காலைலயும் சாயந்திரமும் மட்டும் ஒரு நிமிஷம், நடுவுல பத்துன்னு வச்சிருக்கோம். மூணு நாள் சார்ஜ் நிக்கும்னு டப்பாவுல போட்டிருக்கறது சுத்த பொய், ஒரு நாள், அவ்ளோதான்.

ஸ்கூல்ல ஸ்மார்ட் வாட்ச் கட்டக்கூடாதுன்னாங்க. நியாயம்தான், மத்த புள்ளைங்களும் கேக்கும். கோர்ட் ஆர்டர் நகலோட போய் ஹெட்மிஸ்கிட்ட தனியா பேசினதும், கிளாஸ் மோட் போட்டு வச்சா சரின்னாங்க, கிளாஸ் மோட்ல வெறும் மணி காட்டும், எஸ்ஓஎஸ்ங்கற ஆபத்து பட்டன் மட்டும் வேலை செய்யும். பாப்பாவ கூட்டிட்டுப் போக நானோ அவரோ வேன் அண்ணாவோ தவிர வேற யார் வந்தாலும் அனுப்பக்கூடாதுன்னு எழுதியும் குடுத்தேன். அதோட நாங்க மூணு பேரும் ஒரு கோட் வேர்ட் வச்சோம், நிப்பட்டு. "அம்மா அனுப்பினாங்க"ன்னு யார் வந்தாலும் கோட் வேர்ட் கேக்கணும். (இப்ப மாத்திட்டோம், அதனாலதான் சொல்றேன்.)

எஸ்ஓஎஸ் பட்டன் பத்திதான் முக்கியமா எழுதணும். சைடு பட்டன மூணு செகண்ட் அழுத்தினா நாம குடுத்த மூணு நம்பருக்கு வரிசையா கால் போகும். மொத மாசத்துல நாலு பொய் அலாரம், ஒண்ணு பேக் மாட்டும்போது அமுங்கினது, மூணு தோழிக்கு காட்டினது. அஞ்சாவது 2025 மார்ச்ல. சாயந்திரம் வேன்ல ஏற வந்திருக்கா, கேட்டுக்கு வெளிய ஒரு அம்மா பேர் சொல்லி கூப்பிட்டிருக்காங்க, கொஞ்சம் தள்ளி பைக்ல ஒரு ஆள் ஆஃப் பண்ணாம நின்னிருக்கான். பாப்பா அழுத்திட்டா. மொத நம்பர் என்னுது, நான் பிரிண்டர் மை குடுக்கற டோனர்காரன்கூட போன்ல சண்டை போட்டுட்டு இருக்கேன், பிஸி. ரெண்டாவது அவர், ஷிப்ட்ல போன் லாக்கர்ல. மூணாவது வேன் அண்ணா.

நான் பாத்துட்டு திருப்பி கூப்பிட்டேன். நாம கூப்பிட்டா வாட்ச் அதுவா எடுத்துக்கும், அந்தப் பக்கம் பேசறது கேக்கும். ஒரு பொம்பள குரல், "பயப்படாத கண்ணு, நான்தான் உன்ன பெத்தவ, வா போலாம்"னு. எங்க பாப்பா, "அப்ப கோட் வேர்ட் சொல்லுங்க". அந்தம்மாவுக்கு என்ன புரிஞ்சுதோ, பேச்சே வரல. அதுக்குள்ள "யாரும்மா நீ"ன்னு வேன் அண்ணா குரல். எதிர்ல டீ குடிச்சுட்டு இருந்தவர் கிளாஸோடயே ரோட்ட தாண்டி ஓடி வந்திருக்கார், பைக் நம்பரையும் மனசுல வாங்கிட்டார். அந்த கிளாஸ அப்புறம்தான் திருப்பிக் குடுத்தாராம்.

அன்னிக்கு ராத்திரி பாப்பா என்கிட்ட கேட்டது, "அவங்க அழுதாங்கம்மா, அவங்களுக்கும் அவர பாத்தா பயமா?" தத்து எடுத்த விஷயம் அவளுக்கு சின்ன வயசுலருந்தே தெரியும், மறைக்கல. இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல, "இருக்கலாம் சாமி"ன்னேன்.

இதுல வாங்கறவங்க கவனிக்க வேண்டியது, மூணு நம்பரோட வரிசை. சொந்தக்காரங்க பேர முதல்ல போடாதீங்க, அந்த நேரத்துல ஸ்கூல் பக்கத்துல யார் இருப்பாங்களோ அவங்க நம்பர முதல்ல போடுங்க. இப்ப எங்களுக்கு சாயந்திரம் நாலு மணிக்கு மேல மொத நம்பர் வேன் அண்ணாதான். திருப்பி கூப்பிட்டா தானா எடுக்கற அந்த வசதி இருக்கே, அது நல்லதும் இல்ல, ஜெர்மனியில 2017லயே இப்படி திருட்டுத்தனமா கேக்கற கிட்ஸ் வாட்ச்ச தடை பண்ணிட்டாங்க, டீச்சர் பேசறதயெல்லாம் பெத்தவங்க கேட்டுட்டு இருந்தாங்களாம். எஸ்ஓஎஸ் வந்தா மட்டும் கேக்கற மாதிரி செட்டிங்ல வச்சிருக்கேன்.

வாட்ச் மட்டும் போதாது, அத சொல்லாம விட்டா தப்பு. பிரிண்ட் எடுத்த அன்னிக்கே குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு அடிச்சேன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, 2023லருந்து அவசர நம்பர் 112 கூட சேர்த்திருக்காங்க, அடுத்த நாளே குழந்தைகள் பாதுகாப்பு அலகுலருந்து வீட்டுக்கு வந்தாங்க. ஸ்டேஷன்ல மொத தடவ "பெத்தவங்கதானம்மா, பேசி முடிச்சுக்கங்க"ன்னாங்க. எந்த ஸ்டேஷன்னு வேணாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல, நம்பர் 15100, பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானம் பாக்காம வக்கீல் இலவசமா குடுப்பாங்க, அந்த வக்கீலம்மா வந்து இளைஞர் நீதிச் சட்டம் 63வது பிரிவ எடுத்து வச்சாங்க, தத்து ஆர்டர் ஆன தேதியிலருந்து பெத்தவங்களோட உள்ள சட்ட உறவு முடிஞ்சுது, பாக்க வரேன்னு சொல்லக்கூட உரிமை இல்லன்னு. அப்புறம்தான் சிஎஸ்ஆர் போட்டுக் குடுத்தாங்க. எங்க வீட்டு ஃபைல்ல ரெண்டு சிஎஸ்ஆர் இருக்கு, ஒண்ணு 2017ல வந்தது, அதுக்கு அர்த்தம் குழந்தையோட விவர அறிக்கை, எத்தன பல்லு, எப்ப தூங்கும்னு எழுதினது. இன்னொண்ணு போலீஸ் மனு ரசீது.

மார்ச்சுக்கு அப்புறம் புது தண்டனைச் சட்டத்துல (பிஎன்எஸ்) மிரட்டல் பிரிவு 351, கடத்த முயற்சின்னு எஃப்ஐஆர் ஆச்சு, வேன் அண்ணா சொன்ன பைக் நம்பரும் வாட்ச் ஆப்ல இருந்த கால் டைமும் அதுல உதவிச்சு. அந்த பெத்த அப்பா இப்ப நிபந்தனை ஜாமீன்ல இருக்கார், தினம் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து. காலைல கையெழுத்து போட்டவன் சாயந்திரம் எங்க இருப்பான்னு எந்த ஆப்பும் காட்டாது, அதான் வாட்ச் இன்னும் கையில இருக்கு.

5க்கு 3.5 குடுக்கறேன். பேட்டரிக்கு ஒண்ணு போச்சு, அரை மார்க் ஸ்ட்ராப்புக்கு. சிலிகான் ஸ்ட்ராப், வேர்வையில அரிப்பு வந்து கை மணிக்கட்டு சிவந்துடுது, பதினோராவது மாசத்துல அந்த ஓட்டை இருக்கற இடத்துலயே கிழிஞ்சுடுச்சு, இப்ப கடை ரப்பர் பேண்ட ரெண்டு சுத்து சுத்திதான் கட்டி அனுப்பறேன், அவளுக்கு அது புடிச்சிருக்கு, கலர் கலரா கேக்கறா. சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஸ்ட்ராப் தனியா வராது, புது வாட்ச் வாங்கிக்கங்கன்னாங்க. 16 எம்எம் துணி ஸ்ட்ராப் கிருஷ்ணகிரிலயோ தர்மபுரிலயோ எந்தக் கடையில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஆன்லைன்ல வாங்கினது ரெண்டும் சைஸ் சேரல.