தூண் வீடுகள்: மர மாடல் கிட்

ஜெயநகரில் ஒரு பொம்மைக் கடையில் பொண்ணுக்காக வாங்கினேன். ஒட்டி முடித்தது என்னவோ நான்தான். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஏரிகளில் கற்கால மக்கள் தூண் நட்டுக் கட்டிய குடியிருப்பின் மாதிரி. ஒவ்வொரு தூணின் நுனியையும் பென்சில் போலச் சீவியிருக்கிறார்கள்; சேற்றில் அடித்து இறக்க வேண்டுமே! சுவருக்குக் குச்சிப் படல், மேலே பூசக் களிமண் பாக்கெட்.

கூட வரும் கையேடு பிரமாதம். 1854 வாக்கில் சூரிச் ஏரியில் தண்ணீர் இறங்கித் தூண்கள் தெரிந்த கதை, காற்றுப் புகாத சேற்றில் துணி, வலை, காய்ந்த ஆப்பிள்கூட மக்காமல் கிடந்தது, மர வளையங்களை ஒப்பிட்டு வெட்டிய வருஷத்தையே கண்டுபிடிப்பது, எல்லாம் படத்தோடு இருக்கிறது. 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 111 இடங்களுக்கும் வரைபடம் உண்டு.

ஆனால் அட்டைப்படத்தில் எல்லா வீடும் நடுத் தண்ணீரில் நிற்கிறது. அது, இந்தத் தூண்களை முதலில் ஆராய்ந்த சுவிஸ் தொல்லியலாளர் ஃபெர்டினாண்ட் கெல்லர் காலத்துக் கணிப்பு. பல வீடுகள் கரையோர ஈரமண்ணில்தான் இருந்தன என்று அப்புறம் தெரிந்துவிட்டது. இந்த விலைக்கு அதையாவது திருத்தியிருக்கலாம்.

பசை படுமோசம். பெங்களூரு மழைநாளில் ஒட்டவே ஒட்டாது, ஃபெவிகால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.